வைக்கோல் கட்டும் இயந்திரத்தை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

காவிரிப் பாசனப் பகுதியில் தை, மாசி மாதங்களில் சம்பா, தாளடி அறுவடை மும்முரமாக நடக்கும். அறுவடை இயந்திரம் வயலை விட்டுக் கரையேறியதும், வைக்கோல் கட்டும் இயந்திரம் வயலில் இறங்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்துச் சங்கிலி அறுந்தோ, பேரிங் உடைந்தோ அது நின்றுவிட்டால் வைக்கோல் வயலிலேயே கிடக்கும். ஒரு மழை விழுந்தால் போதும், மாட்டுக்கு ஆக வேண்டிய தீனி எருவுக்குத்தான் ஆகும். நெல் அறுப்புக்குச் சில நாட்கள் முன்பே, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தோ பச்சைப் பயறோ தெளித்தவர்களுக்கு நஷ்டம் இரண்டு மடங்கு. வைக்கோல் மூடிய இடத்தில் முளை வெளிச்சமின்றி வெளுத்துப் போகும்.

இப்படி இரண்டொரு முறை பட்ட பிறகுதான், பேலர் என்று சொல்லப்படும் இந்த இயந்திரத்தை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் பிறக்கிறது. அவசரத்தில் அதிகத் தள்ளுபடி தருகிறவரிடம் முன்பணம் கொடுத்து விடுகிறார்கள். சில லட்ச ரூபாய் போடுகிற காரியம் இது. பழைய இயந்திரம் கற்றுக் கொடுத்த பாடத்தைக் கணக்கில் எழுதிப் பார்த்த பிறகே புதியதைத் தேட வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

நெல் வைக்கோலில் மணல் போன்ற சிலிக்கா சத்து மிகுதி. அது இரும்பை அரம் போல் தேய்க்கும். ஆகவே வைக்கோலை வாரி எடுக்கும் கம்பிப் பற்கள், சங்கிலி, பல்சக்கரம், பேரிங் ஆகியவை தேய்வது இயற்கை. இவை எல்லாம் மாற்றத்தக்க பாகங்கள். இவை தேய்ந்தன என்பதற்காக இயந்திரத்தையே தள்ளிவிட வேண்டியதில்லை.

சட்டத்தில் வெல்டிங் விட்டு மறுபடி மறுபடி விரிசல் காண்பது, சுருட்டும் அறையின் பக்கத் தகடுகள் அரித்து மெலிவது, உருளைகள் வளைவது, பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து அகன்றுவிடுவது ஆகியவை வேறு வகை. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் செலவுக்கு முடிவு இராது. அப்போது மாற்றுவதே நலம். நம்பகமான மெக்கானிக் ஒருவரை வைத்து, பருவம் முடிந்த கையோடு இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்த்தால் எந்த முடிவும் அவசர முடிவாகத்தான் இருக்கும்.

எத்தனை கட்டு கட்டப் போகிறோம்?

அடுத்த கேள்வி, புதிய இயந்திரத்துக்குப் போதிய வேலை இருக்கிறதா என்பது. இதற்கு ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். அவரவர் ஊர் விலையை இதில் பொருத்திக் கொள்ளலாம்.

மானியம் போக இயந்திரத்தின் விலை ரூ.3,60,000 என்று வைத்துக்கொள்வோம். 6 ஆண்டு ஓட்டிய பின் ரூ.60,000க்கு விற்கலாம் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு ரூ.50,000. முடங்கும் பணத்துக்கு வட்டி சராசரியாக ரூ.21,000. பழுது, கிரீஸ், கொட்டகை வகையில் ரூ.19,000. ஆக, ஆண்டுக்கு ரூ.90,000 செலவு. ஒரு கட்டுக்குக் கூலி ரூ.40 கிடைத்து, அதில் டீசல், சணல், டிரைவர் சம்பளம், டிராக்டர் தேய்மானம் ஆகியவற்றுக்கு ரூ.22 போனால், நிற்பது ரூ.18. ரூ.90,000ஐ ரூ.18ஆல் வகுத்தால் 5,000 கட்டு வருகிறது. ஏக்கருக்கு 40 கட்டு என்றால் அது 125 ஏக்கர். அதற்கு மேல் கட்டினால்தான் லாபம்.

5 ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சொந்த வயலில் கிடைப்பது 200 கட்டுதான். அவர் தமது தேவைக்கு மட்டும் இயந்திரம் வாங்கினால் கட்டுக்கு ரூ.450 வீதம் கைப்பணம் போகும். வெளி வேலை உறுதியாகக் கிடைக்கும் என்றால் மட்டுமே அவர் வாங்கலாம். சென்ற பருவத்தில் எத்தனை கட்டு கட்டினோம், எத்தனை பேர் பாக்கி வைத்தார்கள், எத்தனை நாள் இயந்திரம் நின்றது என்று நோட்டில் குறித்து வைத்திருப்பவருக்கு இந்த முடிவு எளிது.

வேலை போதாதவர்கள் பழையதை விற்றுவிட்டு, வாடகைக்குக் கட்டிக் கொள்வதில் குறைவொன்றும் இல்லை. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குக் கருவிகள் தருகிறது. தங்கள் வட்டாரத்துக்கு வைக்கோல் கட்டும் இயந்திரம் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளலாம். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாங்குவது இன்னொரு வழி. 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட குழுவுக்கு ரூ.5 லட்சம் வீதம் தொகுப்பு நிதி தரப்பட்டுப் பண்ணைக் கருவிகள் வாங்கப்பட்டன. குழுவாக வாங்கும்போது, யார் வயலுக்கு எந்த முறையில் போக வேண்டும், பழுதுச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை மும்முரத்தில் சண்டை வந்தால் இயந்திரம் கொட்டகையில் நிற்கும்.

சிறிய கட்டா, பெரிய கட்டா?

உருளை வடிவில் கட்டும் சிறிய இயந்திரத்தை அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி 1947இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆள் தூக்கக் கூடிய கட்டு அது. 1971இல் அந்நாட்டின் அயோவா மாநிலத்தில் வெர்மீர் கம்பெனி பெரிய கட்டு இயந்திரத்தை உருவாக்கியது. பல நூறு கிலோ எடையுள்ள அத்தகைய கட்டுகளைத் தூக்கவே தனி இயந்திரம் வேண்டும்.

நம் பகுதியில் வரப்பு தாண்டித் தோளில் சுமந்துதான் வண்டியில் ஏற்றுகிறோம். ஆகவே ஏறத்தாழ 60 செ.மீ. குறுக்களவும் 90 செ.மீ. நீளமும் கொண்ட, 15 முதல் 25 கிலோ வரை எடை வரும் கட்டே நமக்குத் தோது. பெரிய இயந்திரம் கௌரவமாகத் தோன்றலாம். கட்டை நகர்த்த ஆளும் வழியும் இல்லாவிட்டால் அந்தக் கௌரவத்தால் பயன் இல்லை.

சுருட்டும் முறை

அளவு மாறாத அறையில் உருளைகளோ, சங்கிலியில் பூட்டிய கம்பிகளோ சுழன்று வைக்கோலைச் சுருட்டுவது ஒரு வகை. இதில் கட்டின் நடுப்பகுதி தளர்வாகவும் வெளிப்புறம் இறுக்கமாகவும் இருக்கும். பாகங்கள் குறைவு, கிராமத்து மெக்கானிக்கே கழற்றிப் பூட்டலாம். பெல்ட்டுகள் விரிந்து கொடுக்க, சிறியதாகத் தொடங்கிப் பெரிதாக வளரும் அறை மற்றொரு வகை. இதில் கட்டு நடுவிலிருந்தே இறுக்கமாக வரும். ஆனால் விலையும் பராமரிப்பும் கூடுதல். சிறு விவசாயிக்கு முதல் வகை போதும். நடு தளர்ந்த கட்டில் காற்றும் சற்று நுழையும்.

உருளையா, சங்கிலியா என்பதைத் தங்கள் வைக்கோலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அறுவடை இயந்திரம் எல்லாம் ஒரே மாதிரி வைக்கோலைப் போடுவதில்லை. சில நீளமாக விடும். சில கசக்கி ஒடித்துத் துண்டாக விடும். துண்டு வைக்கோல் இடைவெளிகளில் உதிர்ந்து, கட்டும் லேசாகிவிடும். எனவே, தங்கள் ஊரில் வரும் அறுவடை இயந்திரம் போட்ட வைக்கோலில், தங்கள் வயலிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வந்த கட்டில் பத்தை எடை போட்டுப் பார்க்க வேண்டும். ஆள் உயரத்திலிருந்து ஒரு கட்டைக் கீழே போட்டு, குலைகிறதா என்றும் பார்க்கலாம். கடை வாசலில் பளபளப்பைப் பார்த்து வாங்குவதைவிட இந்த ஒரு மணி நேரம் மேலானது.

சணல் கயிறு கட்டும் அமைப்பே நல்லது. பிளாஸ்டிக் கயிறு தப்பித் தவறி மாட்டின் வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

டிராக்டருக்குப் பொருந்த வேண்டும்

சிறிய உருளைக் கட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் 35 முதல் 45 குதிரைத் திறன் டிராக்டருக்கு ஏற்றவை. திறன் மட்டும் பார்த்தால் போதாது. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும்போது, டிராக்டர் நிதானமாக ஊர்ந்து செல்லும் கியர் அதில் இருக்க வேண்டும். வைக்கோல் கனமாகக் கிடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க முடியாவிட்டால் அடைப்பு விழுந்துகொண்டே இருக்கும்.

டிராக்டரின் பின்னால் தூக்கிப் பிடிக்கும் இயந்திரம் சிறிய வயலில் எளிதாகத் திரும்பும், வரப்பும் தாண்டும். ஆனால் முழு எடையும் பின் சக்கரத்தில் விழும். ஈரம் காயாத களிமண் வயலில் சக்கரம் அழுந்திப் பள்ளம் விழும். முளைத்த உளுந்தும் நசுங்கும். ஆகவே ஒத்த வேலை செய்யும் இரண்டில் எடை குறைந்ததே நமக்கு உகந்தது.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 கட்டு கட்டும் இயந்திரம் ஒரு நாள் நின்றால், கட்டுக்கு ரூ.18 வீதம் ரூ.7,200 நஷ்டம். ரூ.20,000 மலிவு என்று வாங்கிய இயந்திரம், பாகம் வரக் காத்து ஒரு பருவத்தில் 3 நாள் நின்றால், ரூ.21,600 போய்விடும். முதல் பருவத்திலேயே தள்ளுபடி கரைந்துவிட்டது. அடுத்த பருவங்களில் விழுவது எல்லாம் கைநஷ்டம். வேறு இயந்திரம் தேடிப் போன வாடிக்கைக்காரர் திரும்பி வருவாரா என்பதும் சந்தேகம்.

எனவே விலை பேசுமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும். கம்பிப் பல், சங்கிலி, பேரிங், சணல் அறுக்கும் கத்தி ஆகியவை பக்கத்து நகரத்துக் கடையில் இன்று கையிருப்பில் உள்ளனவா? பேரிங்குகள் எந்தக் கடையிலும் கிடைக்கும் எண் உள்ளவையா, கம்பெனியிடம் மட்டுமே கிடைப்பவையா? தை மாதத்தில் அழைத்தால் மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார்? விற்பவர் சொல்லும் பதிலோடு நிற்காமல், அதே இயந்திரம் வைத்திருக்கும் இரண்டு மூன்று விவசாயிகளைப் பார்த்துக் கேட்பது நலம். சுற்று வட்டாரத்தில் பலரும் வைத்திருக்கும் இயந்திரத்துக்குப் பாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார்.

கைமாறிய இயந்திரம் வாங்குவோருக்கு

பழைய இயந்திரத்துக்குப் பதில் சற்றே புதிய பழையதை வாங்குவோரும் உண்டு. புதுப் பெயிண்டைக் கண்டு மயங்கக் கூடாது. பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தால் சங்கிலியோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பி.டி.ஓ.வையும் என்ஜினையும் அணைத்த பிறகு, ஒவ்வொரு பேரிங் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் எது சூடேறியது என்று தெரியும். அதிகச் சுமையில் தானே முறிந்து இயந்திரத்தைக் காக்கும் ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் கடினமான போல்ட் போட்டிருந்தால், அந்த இயந்திரம் முரட்டுத்தனமாக ஓட்டப்பட்டது என்று அறியலாம்.

மானியம்

2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. நிதி ஒதுக்கீடும் வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடியவை. ஆகவே முதலில் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்து, விண்ணப்பித்து, அனுமதி பெற்ற பிறகே வாங்க வேண்டும். வாங்கிவிட்டு விண்ணப்பிப்பது பயன் தராது. மத்திய அரசின் சோதனை நிலையங்கள் இயந்திரங்களைச் சோதித்து அறிக்கை தருகின்றன. அந்த அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

வாங்கிய பின்

எந்த இயந்திரமும் ஈர வைக்கோலை நல்ல தீனியாக்கித் தராது. ஒரு பிடி வைக்கோலை முறுக்கினால் முறிய வேண்டும். துவண்டால் இன்னும் காய விட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதை மாடு ஒதுக்கும். தின்றால் நோய் வரும்.

அடைப்பு விழுந்தால் பி.டி.ஓ.வைத் துண்டித்து, என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும். சுழலும்போது வைக்கோலை இழுக்கப் போனால், கையை விடுவிக்க நேரம் இராது. பி.டி.ஓ. தண்டின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டவே கூடாது. தண்டிலும் பேரிங் அருகிலும் சுற்றிக்கொள்ளும் வைக்கோலை அன்றாடம் அறுத்தெடுக்க வேண்டும். சூடான பேரிங்கிலிருந்து தீப்பற்றி இயந்திரமும் வைக்கோலும் எரிந்துபோகக் கூடும்.

பருவம் முடிந்ததும் ஒட்டிய வைக்கோலையும் மண்ணையும் துடைத்து, கிரீஸ் அடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மழை படாத கொட்டகையில் நிறுத்த வேண்டும். அடுத்த தை மாதத்துக்கான கம்பிப் பல், ஷியர் போல்ட், இரண்டு பேரிங், ஒரு துண்டுச் சங்கிலி ஆகியவற்றை ஆடி, ஆவணியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய இயந்திரத்துக்கு இந்தக் கவனிப்பு கிடைத்திருந்தால், அதை இத்தனை சீக்கிரம் மாற்ற வேண்டி வந்திருக்குமா என்பதையும் சேர்த்தே விவசாயிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.