வீட்டு வண்டியும் வெளிப்பூச்சும்

ஓசூரில் 1980-ம் வருஷத்தில் அசோக் லேலண்ட் ஆலை ஏற்பட்டது. அங்கு பிறக்கும் சேஸிஸ்களிற் பல கூரையும் சுவருமின்றியே வெளிவருகின்றன. ஓட்டுபவர் வெயிலையும் தூசியையும் முகத்தில் ஏற்று, கிருஷ்ணகிரி, சேலம் மார்க்கமாகத் தெற்கே செலுத்துகிறார். லாரிக் கூண்டுக்கு நாமக்கல், பஸ் கூண்டுக்குக் கரூர் என்பது நாடறிந்த விஷயம்.

இத்தொழிலின் புதிய கிளைதான் சினிமாக்காரர் ‘கேரவன்’ என்றழைக்கும் வீட்டு வண்டி. தேர்தற் சுற்றுப்பிரயாணத்துக்கு அரசியல் தலைவர்களும் இதையே நாடுகின்றனர். வாங்குவோர் எதைப் பரீக்ஷிக்கின்றனர்? மெத்தையையும் விளக்கையுமன்றோ! தகடு போர்த்துமுன் பட்டறைக்குச் சென்று எலும்புக்கூட்டைக் காணாதவர் வண்டியைக் கண்டவராகார்.

பற்றவைப்பு இடையறாமல் ஓடியிருக்கிறதா, துரு தடுக்கும் பூச்சு இணைப்புகளிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அலுமினியத் தகடு இரும்பை நேரே தொட்டால் ஈரம் பட்டு அரிக்கும்; இடையே தடுப்பு வேண்டும். எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது கூரை. தலைவர் எழுந்து நின்று கும்பிடுவதற்காகக் கூரையில் வாயில் வெட்டுகிறார்கள். வெட்டுண்ட குறுக்குச் சட்டங்களின் பாரத்தைத் தாங்கச் சுற்றிலும் வலுவான சட்டம் அமைக்காவிடில், வண்டி கவிழுங்கால் அக்கூரை யாரைக் காக்கும்?

இருநூறு லிட்டர் தண்ணீர் இருநூறு கிலோ எடை. அத்தொட்டியைப் பின்னச்சுக்கு அப்பால் தொங்கவிட்டால் முன்சக்கரங்களின் பிடி தளரும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே, ஸிலிண்டர் அறைக்கு அடியில் வெளிநோக்கிய துளை அவசியம்.

2013 அக்டோபர் 30-ல் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் சென்ற பஸ் ஒன்று சிறுபாலத்தில் மோதித் தீப்பற்றியதில் 45 பேர் மாண்டனர். உள்ளே ஒட்டும் பஞ்சும் பலகையும் தீயை எவ்வளவு நேரம் தடுக்கும், அவசர வழி எங்கே என்ற கேள்விகளை அலங்காரப் பேச்சில் நாம் மறக்கலாமா?

பஸ் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, வீட்டு வண்டிக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற விதித்தொகுதிகள் உள்ளன. சான்றிதழ் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நல்ல பட்டறைக்காரர் அதனால் மனம் வருந்தார். தம் வேலையைத் தாமே திறந்து காட்டுவார். முன்பணம் கொடுக்கும்போதே, தகடு போர்த்துவதற்கு முன் ஒருமுறை பார்வையிடும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குக. முடிந்த வண்டியைத் தண்ணீர் நிரப்பி எடைமேடையில் ஏற்றி, முன்னச்சு, பின்னச்சு பாரங்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்த பின்னரே மீதிப் பணத்தைச் செலுத்துக.