கண்டி நகரில் றொக் இசை

கண்டி என்றதும் செவியில் முதலில் எழுவது மேள ஒலியே. எசல பெரஹர ஊர்வலத்தில் முழங்கும் 'கெட்ட பெரய' என்னும் மேளம், குருவின் கையிலிருந்து மாணாக்கனின் கைக்கு வழிவழியாக வந்த கலை. அந்நகரிலேயே 2001ஆம் ஆண்டில், முற்றிலும் வேறான ஓசையுடன் ஓர் இசைக்குழு தோன்றியது. பரனொயிட் ஏர்த்லிங் என்பது அதன் பெயர். வீண் அச்சத்தால் அலைக்கழியும் பூவுலகவாசி என்று அதற்குப் பொருள் கூறலாம். மிர்ஷாத் பக்மன் இதன் பாடகர். ஆங்கிலத்தில் தாமே இயற்றிய றொக் பாடல்களைப் பாடுவதே இக்குழுவின் சிறப்பு.

தாமே இயற்றுவதில் என்ன சிறப்பு என்று நேயர்கள் வினவலாம். ஹோட்டல்களிலும் திருமண மண்டபங்களிலும் மக்கள் விரும்பிக் கேட்பவை பழகிய பாடல்கள். அவற்றைப் பாடும் குழுவுக்கு ஊதியம் உண்டு. எவரும் அறியாத புதிய பாடலுக்கோ வரவேற்பு அரிது. மேலும், கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1925இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய நாள் முதலாக, இசையை நாடெங்கும் பரப்பும் நிலையங்கள் பெரும்பாலும் தலைநகரிலேயே அமைந்தன. ஆகவே மலைநகரில் பிறக்கும் புதிய பாடல், பதிவு செய்யப்படாவிடின், மேடை விளக்கு அணைந்ததும் மறைந்துவிடும்.

இனி, இவ்விசையின் ஓசை பிறக்கும் விதத்தைக் காண்போம். மின்கிற்றாரின் உருக்குத் தந்திகளுக்குக் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகின்றது. சுருளில் சிறு மின்னோட்டம் எழுகின்றது. அதனைப் பெருக்கினால் ஓசை கிடைக்கும். அளவுக்கு மீறிப் பெருக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, கரகரப்பான நாதம் உண்டாகும். ஏனைய இசையில் குறையெனக் கருதப்படும் இக்கரகரப்பையே றொக் இசை தன் அணியாகக் கொண்டது.

ஒலிப்பதிவின்போது எல்லோரும் ஒருங்கே வாசிக்க வேண்டுமென்பதில்லை. முதலில் தாளக் கருவிகளைப் பதிவு செய்வர். அதனைக் காதணியிற் கேட்டவாறே பேஸ் கிற்றாரையும், பின்னர் ஏனைய கிற்றார்களையும், இறுதியில் குரலையும் தனித்தனித் தடங்களிற் சேர்ப்பர். பின்பு ஒவ்வொரு தடத்தையும் கூட்டியும் குறைத்தும் ஒன்றாகக் கலப்பர். குரல் சொற்களை விழுங்காமலும், தாளம் குரலை மூடாமலும் காப்பது இக்கலவையின் நுட்பம்.

இதற்குப் பெருநிறுவனத்தின் தயவு இன்றியமையாததா? இங்கிலாந்தில் தலைநகருக்குத் தொலைவிலுள்ள மஞ்செஸ்டர் நகரத்துக் குழுவொன்று இதற்கு விடை தந்தது. பஸ்கொக்ஸ் என்னும் அக்குழு 500 பவுண் கடன் பெற்று, 4 பாடல்களைப் பதிந்து, 1977 ஜனவரியில் தானே இசைத்தட்டாக வெளியிட்டது. முதலில் அச்சிட்டவை 1000 தட்டுகளே. எனினும் இலண்டன் நிறுவனங்களின் வாயிலிற் காத்திராமல் பாடலை உலகுக்கு அளிக்கலாம் என்பதை இளைஞர் பலர் அதனாற் கண்டுகொண்டனர். 'இண்டி' என வழங்கும் சுயேச்சை இசை தழைப்பதற்கு அம்முயற்சி பெரிதும் துணைசெய்தது.

இன்று கடன்கூட வேண்டியதில்லை. ஒரு கணினியும் நல்ல ஒலிவாங்கியும் இருப்பின் வீட்டு அறையிலேயே பதிவு இயலும். இணையத்தின் வழியே அது கடல் கடந்தும் செல்லும். ஆயின் பதிவு எளிதானதால், கேட்போரின் கவனத்தைப் பெறுதல் அரிதாயிற்று. ஆயிரம் புதிய பாடல்களுக்கிடையே கண்டியின் பாடலொன்றும் கேட்கப்பட வேண்டுமன்றோ?

கெட்ட பெரயவின் தாளங்களைக் காத்து நிற்க ஒரு பரம்பரை உண்டு. நேற்றுப் பிறந்த பாடலுக்கு அத்தகைய காவலர் இல்லை. இயற்றியவர்கள் தொழில் தேடியோ, நாடு விட்டோ பிரிந்துவிட்டால் அதனை மீண்டும் வாசிக்க எவரும் இரார். ஒலிப்பதிவே அப்பாடலுக்குப் பரம்பரையாகின்றது. பழைய மேளத்தைப் போற்றும் நகரம் தன் இளைஞரின் புதிய ஓசைக்கும் சிறிது செவி கொடுத்தல் முறையாகும்.