வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளைகள்

‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்த பிறகு, கல்வி நிலையத்துச் சாதியைப் பேசும் படத்துக்குத் தமிழில் கூட்டம் வரும் என்பது உறுதியாகிவிட்டது. அந்தக் கதை நடப்பது திருநெல்வேலி சட்டக் கல்லூரியில். ஜெபத்தோடோ பூஜையோடோ காலைமணி அடிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் நுழையத்தான் நம் இயக்குநர்கள் தயங்குகிறார்கள். கதைக்குப் பஞ்சமில்லை. மதுரையிலேயே அச்சான ஒரு புத்தகம் இருக்கிறது.

பாமாவின் ‘கருக்கு’, 1992. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்தவர். ஆசிரியையாகி, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி விடாததைக் கண்டு வெளியேறியவர். பள்ளி நாளில் பிள்ளைகளோடு விளையாடும்போது தென்னையிலிருந்து ஒரு குரும்பை விழுந்தது. மறுநாள் அசெம்பிளியில், அத்தனை பேர் முன்னால், சாதியைச் சொல்லித் திருட்டுப் பட்டம். பங்குச் சாமியாரிடம் ஓடினால், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற பதில். கடைசியில் அவர் கடிதம் கொடுத்த பிறகே வகுப்புக்குள் போக முடிந்தது.

இந்தச் சம்பவத்தில் அடிதடியே இல்லை. அதனால்தான் இது படமாக வேண்டும். ரத்தம் தெறிக்கும் காட்சியைப் பார்க்கும் ஆசிரியர், அது யாரோ ரவுடிகள் செய்வது என்று நிம்மதியாக வீடு திரும்பலாம். அசெம்பிளிக் காட்சியில் அவரால் தப்ப முடியாது.

அதே நூலில் இன்னொன்று: தனிப்பயிற்சி, உதவித்தொகை என்ற பெயரில் ‘அரிஜனப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்’ என்று வகுப்பிலேயே சொல்வார்கள். எழுந்து நிற்பதே அவமானம். நல்ல காரியத்தின் பெயரால் நடப்பதால் யாருக்கும் உறுத்தாத அவமானம்!

சேரிக்குக் கல்வி தந்ததே மிஷன் பள்ளிகள்தான் என்பார்கள். பெருமளவு உண்மைதான். இது ஒரு மதத்தின் கதையும் அல்ல. காங்கிரஸ் நிதி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளர்ந்தது 1920-களில்.

நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை என்ற பரிந்துரைதான் விவாதமானது. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும் என்பவற்றைப் பேசியவர்கள் குறைவு. இவற்றுக்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். மதுரை வட்டாரத்து மதப் பள்ளிகள் அடுத்த ஜூன் திறப்பு நாளிலேயே தாமாகத் தொடங்கிவிடலாம்.