இரும்பை விழுங்கிக் காட்டிக்கொடுக்கும் கலங்கள்

முதலாம் வகை நீரிழிவில் சதையியின் பீற்றாக் கலங்களை அழிப்பவை உடலின் சொந்த நிர்ப்பீடனக் கலங்களே. இந்த அழிவை உயிருள்ள உடலில் பார்ப்பது மிகக் கடினம். அக்கலங்கள் அமைந்துள்ள, இன்சுலின் சுரக்கும் இலங்கர்கான் சிறுதீவு ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அளவே இருக்கும். எல்லாம் சேர்ந்தாலும் சதையியின் நிறையில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். துணுக்கு வெட்டிச் சோதிப்பதும் ஆபத்து. நோர்வேயில் 6 நோயாளிகளிடம் வெட்டி எடுத்ததோடு, சிக்கல்கள் காரணமாக அந்த முயற்சி நிறுத்தப்பட்டது.

ரோம் நகரின் அல்பேட்டோ சிஞோரே குழுவினர் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தில் கதிரியக்க ரெக்னீசியத்தை இணைத்துச் செலுத்தினர். தாக்கும் நிர்ப்பீடனக் கலங்களான, தூண்டப்பட்ட ரி கலங்கள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ள, காமாக் கமரா அவை திரண்ட இடத்தைக் காட்டியது. ஆனால் படம் தெளிவு குறைந்ததாகவே இருந்தது.

இதைவிட வியப்பானது இரும்பு வழி. நுண்ணிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களை இரத்தத்தில் செலுத்தி, சில நாட்களுக்குள் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். அழற்சி கண்ட சிறுதீவைச் சுற்றியுள்ள மயிர்க்குழாய்கள் இளகிவிடும். அளவெட்டித் தோட்டங்களில் இறைப்பு நேரம் வாய்க்கால் வரம்பு இளகிய இடத்தில் நீர் கசிந்து செம்மண் கறுப்பதுபோல, துகள்கள் அங்கே கசியும். பெருந்தின்கலங்கள் என்னும் நிர்ப்பீடனக் கலங்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும். இரும்பு காந்தப்புலத்தைக் குழப்புவதால் அந்த இடம் படத்தில் இருளும். பொஸ்டனில் ஜேசன் காலியா, டயான் மதிஸ், ரால்ப் வைஸ்லெடர் குழுவினர் 2011இல் புதிய நோயாளிகளிடம் இதைக் காட்டினர். ஒரே சதையியிலும் ஓரிடத்தில் அழற்சி கடுமையாகவும் இன்னோரிடத்தில் மிதமாகவும் இருந்தது. ஆளுக்கு ஆளும் அது வேறுபட்டது. எனினும் படத்தில் தெரிவது கசிவும் பெருந்தின்கலங்களும்தான். தாக்கும் ரி கலம் தனியே தெரிவதில்லை.

நோயைச் சராசரி 2 ஆண்டுகள் தள்ளிப்போடும் ரெப்லிசுமாப் மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. அத்தகைய மருந்து சதையிக்குள் வேலை செய்கிறதா என்று நேரே பார்க்க இப்படங்கள் உதவக்கூடும். ஆனால் இவை இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

நோயை அறிய இவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை. அடங்காத தாகம், அடிக்கடி சலம், திடீர் மெலிவு, படுக்கை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மீண்டும் நனைப்பது ஆகியவற்றைப் பூச்சித் தொல்லை என்றும் சூடு என்றும் தள்ளிவிடுவதே பெரும் கேடு. நாள் கடந்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி உயிருக்கே ஆபத்தாகும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சீனியின் அளவு உடனே தெரிந்துவிடும். இவ்வறிகுறிகள் தெரியும் பிள்ளையை அன்றைக்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.