விசைப்பலகையை வேவு பார்க்கும் நிரல்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளியானதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைவீதிகளில் உள்ள பிரௌசிங் சென்டர்களில் மாணவர் கூட்டம் சேர்ந்துவிடும். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யவும், கல்லூரி விருப்பப் பட்டியலை அனுப்பவும் கடவுச்சொல் வேண்டும். அதைத் தட்டும்போது திரையில் எழுத்துகளுக்குப் பதில் கறுப்புப் புள்ளிகளே தோன்றுகின்றன. பின்னால் நிற்பவர் படிக்க முடியாது. ஆனால் கணிப்பொறிக்குள்ளேயே ஒளிந்திருந்து படிக்கும் நிரல் ஒன்று இருந்தால்? அத்தகைய நிரல்கள் உண்டு. அவற்றுக்குக் கீலாகர் என்று பெயர். விசைப்பதிவு நிரல் எனலாம்.

அது செயற்படும் விதத்தை அறிய, விரலிலிருந்து திரைவரை ஓர் எழுத்து செல்லும் வழியைப் பார்ப்போம். விசைப்பலகையின் உள்ளே மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்துள்ளன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் இணைகின்றன. பலகையில் உள்ள நுண்செயலி இக்கோடுகளை ஓயாமல் சோதித்து, எந்த இரண்டு இணைந்தன எனக் கண்டு, அவ்விசைக்குரிய எண்ணைக் கணிப்பொறிக்குத் தருகிறது. யு.எஸ்.பி. விசைப்பலகையில் ஆங்கில 'ஏ' விசையின் எண் 4. 'பி' விசையின் எண் 5. பலகையிலிருந்து புறப்படுவது எழுத்து அன்று, எண்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த எண்ணை விண்டோஸ் போன்ற இயக்க முறைமை பெற்று, எழுத்தாக மாற்றி, உரிய நிரலிடம் சேர்க்கிறது. புள்ளியாக மறைப்பது இதற்கெல்லாம் பிறகு, திரையில் காட்டும்போதுதான். ஆகவே புள்ளிகள் மனிதக் கண்ணிடமிருந்து மட்டுமே காக்கும்.

இந்த வழியின் நடுவில் வேறு நிரல்களும் நின்று விசைச் செய்திகளைப் பார்க்க இயக்க முறைமை இடம் தருகிறது. இது தவறான ஏற்பாடு அன்று. தமிழ் 99 முறையில் 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, க்யூ என்னும் நான்கு விசைகளைத் தட்டுகிறோம். அவற்றை வழியிலேயே பிடித்துத் தமிழாக்குவது ஒரு நிரல். தட்டிய எழுத்தைப் பார்வையற்றோருக்கு உரக்கச் சொல்வதும் அத்தகைய நிரலே. இவை நிற்கும் அதே இடத்தில்தான் கீலாகரும் வந்து நிற்கிறது. தபால் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, நகல் எழுதிக்கொண்டு, மீண்டும் பையிலேயே போட்டுவிடும் ஆளைப் போன்றது அது. கடிதம் உரியவரிடம் சேர்ந்துவிடுவதால் யாருக்கும் ஐயம் எழாது. சேர்த்த நகல்கள் ஒரு கோப்பில் பதிவாகி, இணையத்தின் வழியே வெளியே செல்கின்றன.

இந்தத் தந்திரம் இன்றைய கணிப்பொறிகளோடு பிறந்ததன்று. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஐ.பி.எம். தட்டச்சுப் பொறிகளில் சோவியத் உளவாளிகள் கருவிகளைப் புதைத்திருந்தது 1984-ல் எக்ஸ் கதிர்ப் படத்தால் தெரியவந்தது. பொறியின் உள்ளுறுப்புகள் அசையும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு எழுத்தை அறிந்து, அதை வானொலி அலையாக அனுப்பின அக்கருவிகள்.

நம் மாநிலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதி செய்தது. அது நிருவாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணிப்பொறி. நிலையத்தை இயக்கும் அமைப்புகள் அதிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. அந்தத் தீநிரலை டிட்ராக் என்று ஆய்வாளர்கள் இனங்கண்டனர். விசைகளைப் பதிவு செய்வது டிட்ராக்கின் வேலைகளுள் ஒன்று.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கடவுச்சொல்லை நீளமாக, கடினமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஊகித்துத் திருடுபவனுக்கு எதிராக அது நல்ல காவல். கீலாகரோ ஊகிப்பதில்லை, நகல் எடுக்கிறது. எட்டு எழுத்தானாலும் எண்பது எழுத்தானாலும் அதற்கு ஒன்றே. எனவே கடவுச்சொல் வலிமையானதா என்பதோடு, அதைத் தட்டும் கணிப்பொறி நம்பத்தக்கதா என்றும் கேட்க வேண்டும்.

திரையில் விசைப்பலகையைக் காட்டிச் சுட்டியால் அழுத்தச் சொல்லும் இணையதளங்கள் உண்டு. ஆனால் சில கீலாகர்கள் திரையையும் படமெடுத்துவிடும். விசைப்பலகையின் வடத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையில் செருகப்படும் சிறு கருவிகளும் இருக்கின்றன. வைரஸ் தடுப்பு நிரல்களால் அவற்றைக் காண இயலாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணின் பயன் இங்கேதான் விளங்கும். ஒருமுறை பயன்பட்டதும் அது காலாவதியாகிவிடுவதால், அதன் நகலை வைத்துக்கொண்டு மறுநாள் ஒன்றும் செய்ய முடியாது.

பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஆனால் தண்டனை வருவதற்குள் உங்கள் விருப்பப் பட்டியலை எவரேனும் மாற்றிவிட்டால் இழப்பு உங்களுக்கே. ஆகவே பொதுக் கணிப்பொறியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வீட்டுக்கு வந்ததும் சொந்தக் கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். கீலாகர் எடுத்த நகல் அக்கணமே பயனற்றுப் போகும்.