ஒற்றைக் காலும் இரட்டைத் துடுப்பும்

மயிலிட்டியில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடற்றொழில் செய்தவர்கள். 1990 இல் ஊரை விட்டு வெளியேறினோம். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி என் இடது காலைப் பறித்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின் ஊர் திரும்பினோம். செயற்கைக் காலுடன் கரை மணலில் நடப்பது எவ்வளவு சிரமம் என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும். கடல் எனக்கு இனிப் பார்ப்பதற்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன்.

மகள் கைத்தொலைபேசியில் காட்டிய காணொளியில்தான் இந்தியாவின் அனிதாவைக் கண்டேன். வீதி விபத்தில் ஒரு காலை இழந்தவர். அவருடன் ஒரே படகில் துடுப்பு வலிக்கும் கொங்கணபள்ளி நாராயணா இராணுவத்தில் இருந்தவர். 2015 இல் ஜம்மு காஷ்மீரில் கண்ணிவெடியில் காலை இழந்தவர். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் பரா விளையாட்டு விழாவில் இருவரும் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் எட்டாம் இடம். எட்டாம் இடந்தானே என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். நான் பிதுக்கமாட்டேன்.

தூரம் 2000 மீற்றர். ஆளுக்கு இரண்டு துடுப்பு. இருக்கை முன்னும் பின்னும் ஓடும். பாதத்தைப் பலகையில் ஊன்றி உதைக்க வேண்டும். பிறகு முதுகு, கடைசியில்தான் கை. ஒரு கால் இல்லாதவருக்கு உதை ஒரு பக்கம் குறையும். அதைச் சமாளித்து, கூட இருப்பவரின் அதே வீச்சில் வலிக்கவும் வேண்டும். கால் சற்றும் உதவாதவர்களுக்கு வேறு பிரிவு உண்டு. அதில் இருக்கை அசையாது. கையும் தோளுந்தான் வேலை செய்யும். எங்கள் நாட்டின் மகேஷ் ஜயக்கொடி 2021 இல் டோக்கியோவில் அந்தப் பிரிவில் போட்டியிட்டார்.

இதையெல்லாம் அண்ணாவிடம் சொன்னேன். "பொம்பிளையள் வள்ளம் வலிக்கிறதோ? அதுவும் நீ..." என்று இழுத்தார். அண்ணி விடவில்லை. "மச்சாள் ஆசைப்படுறா. ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் அடங்கியிருந்த நேரம் போனோம். ஏறுவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இருந்த பிறகு ஒருவரும் பிடிக்கவில்லை. அண்ணா இரண்டு பக்கமும் துடுப்பைக் கட்டித் தந்தார். முதலில் வள்ளம் வட்டமடித்தது. அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, "இடக்கையை இறுக்கு" என்றார். அணைவரை போய்த் திரும்பினோம். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

அடுத்த ஞாயிறும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். இருக்கும் பலகை குத்துகிறது, பழைய மெத்தைத் துண்டு ஒன்று தேட வேண்டும்.