ஒரு கூரை, மூன்று கணக்குகள்

தமிழகத்துக் கடைத்தெருக்களில் ஒருவகைக் கட்டடத்தை எங்கும் காணலாம். தெருவை நோக்கிய முன்கட்டில் மளிகைக் கடை இருக்கும். பின்கட்டில் உரிமையாளரின் குடும்பம் வாழும். மாடியை யாருக்கேனும் வாடகைக்கு விட்டிருப்பர். கட்டடம் ஒன்று, கல்லாப்பெட்டியும் ஒன்று. காலையில் விற்ற பணத்தில் மாலையில் மகளின் கல்விக்கட்டணம் செலுத்தப்படும். மாடி வாடகை வந்ததும் மொத்த வணிகருக்குரிய பாக்கி தீரும். குடும்பத்தாருக்கு இதில் குழப்பம் ஏதும் இல்லை. ஆனால், வருமானவரிச் சட்டம் அந்த ஒரே கட்டடத்தை மூன்றாகப் பிரித்துக் காண்கிறது.

இதன் காரணத்தை அறிய, வரி எதன்மீது விழுகிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, மனையிறை முதலிய வரிப்பெயர்கள் காணப்படுகின்றன. தறிக்கும் செக்குக்கும் மனைக்கும் விதிக்கப்பட்டவை அவை என்பதைப் பெயர்களே உணர்த்தும். இன்று உள்ளாட்சி அமைப்புகள் பெறும் சொத்துவரியும் ஏறத்தாழ இவ்வினத்தைச் சார்ந்ததே. அது கட்டடத்தின் பரப்பையும் அமைவிடத்தையும் பார்க்குமேயன்றி, உரிமையாளர் அவ்வாண்டில் ஈட்டினாரா, இழந்தாரா என்று பார்ப்பதில்லை. வருமானவரியோ பொருளை விட்டுவிட்டு, அப்பொருளால் ஒருவர் கையில் எஞ்சியது என்ன என்று வினவுகிறது.

இந்தியாவில் இவ்வரியை 1860ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் அறிமுகப்படுத்தினார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் வறண்டிருந்த கருவூலத்தை நிரப்புவதே அன்றைய நோக்கம். விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. எனினும் அடித்தளம் ஒன்றே. வருமானம் ஊதியம், வீட்டுச்சொத்து, வணிகம் அல்லது தொழில், மூலதன ஆதாயம், பிற வழிகள் என ஐந்து தலைப்புகளில் அடங்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் உரிய கழிவுகள் வேறு. ஆகவேதான் மாடியும் முன்கட்டும் பின்கட்டும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன.

பின்கட்டின் கணக்கு எளிது. உரிமையாளர் தாமே குடியிருக்கும் பகுதியின் ஆண்டு மதிப்பு சுழியம் எனக் கொள்ளப்படும். அதைக் கட்டக் கடன் வாங்கியிருந்தால், பழைய வரிமுறையைத் தேர்ந்தவர் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு இல்லை.

மாடியின் வாடகை, வீட்டுச்சொத்து வருமானம் ஆகும். ஆண்டு வாடகையிலிருந்து, அப்பகுதிக்காக உரிமையாளர் அவ்வாண்டில் உண்மையாகவே செலுத்திய சொத்துவரியை முதலில் கழிக்க வேண்டும். செலுத்தாமல் நிலுவையில் வைத்த வரியைக் கழிக்க இயலாது. எஞ்சிய தொகையில் 30 விழுக்காடு பழுதுபார்ப்பு முதலிய செலவுகளுக்கெனக் கழியும். சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்காதவருக்கும், தளத்தையே பெயர்த்து மாற்றியவருக்கும் இதே 30 விழுக்காடுதான். இது அவ்வளவு நேர்மையான ஏற்பாடு அன்று என்று தோன்றலாம். ஆயினும் இரசீதுகளைப் பற்றிய வழக்குகளை இது பெரிதும் குறைத்துவிடுகிறது. மாடிக்கென வாங்கிய கடனின் வட்டியையும் கழிக்கலாம். குடிவருவோரிடம் பெறும் முன்பணம், திருப்பித் தரவேண்டிய தொகையாக இருக்கும்வரை வருமானம் ஆகாது.

முன்கட்டே சிக்கலானது. கடை உரிமையாளருடைய சொந்தக் கட்டடத்தில் நடப்பதால், ‘வாடகை மிச்சம்’ என்று அவர் மகிழலாம். ஆனால், தமக்குத் தாமே வாடகை கொடுத்ததாக எழுதி, அதை வணிகச் செலவாகக் காட்ட இயலாது. அதேவேளையில், சொந்த வணிகத்துக்குப் பயன்படும் அப்பகுதி வீட்டுச்சொத்துத் தலைப்பிலும் வாராது. கடையிலிருந்து அடுக்களைக்குப் போன பருப்பும் புளியும் செலவாகா. கணக்குப்பதிவியல் பாடத்தில் எடுப்புகள் எனக் குறிக்கப்படுபவை அவையே. மாணவர் பலர் இச்சொல்லைத் தேர்வுக்கு மட்டும் உரியதாகக் கருதுவர். உண்மையில் கல்லாப்பெட்டியில் ஒவ்வொரு நாளும் நிகழ்வது இதுதான்.

விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு. எண்பது இலட்சம் ரூபாய்க்கு விற்றவர் எண்பது இலட்சம் ஈட்டியவர் அல்லர். விற்றதில் ஆதாயம் எவ்வளவு என்பதை நிறுவ முழுமையான கணக்கேடுகள் தேவை. சிறு வணிகர்க்கு அது பெருஞ்சுமை. அவர்களுக்காகவே உத்தேச வருமான முறை ஏற்படுத்தப்பட்டுள்ளது. ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர் இதனைத் தேர்ந்தெடுக்கலாம். ரொக்கமாக வந்தது மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டாவிடில் வரம்பு 3 கோடி. வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த விற்பனையில் 6 விழுக்காடும், ரொக்க விற்பனையில் 8 விழுக்காடும் ஆதாயம் எனக் கொள்ளப்படும். கடைப்பையனின் சம்பளம், மின்கட்டணம், தேய்மானம் எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டதாகப் பொருள்.

நாம் கண்ட கடையின் விற்றுமுதல் 80,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50,00,000 வங்கி வழி வந்தது, 30,00,000 ரொக்கம். முதலாவதில் 6 விழுக்காடு 3,00,000. இரண்டாவதில் 8 விழுக்காடு 2,40,000. ஆக, வணிக வருமானம் 5,40,000 ரூபாய். மாடி வாடகை மாதம் 10,000 வீதம் ஆண்டுக்கு 1,20,000. செலுத்திய சொத்துவரி 4,000 போக 1,16,000. அதில் 30 விழுக்காடாகிய 34,800 போக 81,200. கடன் இல்லை எனில், மொத்த வருமானம் 6,21,200 ரூபாய். 2025-2026 நிதியாண்டின் புதிய வரிமுறையில் முதல் 4,00,000 ரூபாய்க்கு வரி இல்லை. எஞ்சிய 2,21,200க்கு 5 விழுக்காடு வீதம் 11,060 ரூபாய் வரி வரும். மொத்த வருமானம் 12,00,000 ரூபாய்க்கு மேற்படாததால் அவ்வரி முழுதும் தள்ளுபடியாகும்.

வரி சுழியம், ஆகவே வருமானவரிப் படிவமும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று பலர் இவ்விடத்தில் முடிவு செய்துவிடுகின்றனர். அது பிழை. தள்ளுபடி என்பது விதிக்கப்பட்ட வரியை நீக்குவது. படிவம் தாக்கல் செய்யும் கடமையோ, வருமானம் 4,00,000 ரூபாயைக் கடந்தபோதே வந்துவிடுகிறது. மேலும், ஆண்டு விற்றுமுதல் 60,00,000 ரூபாயைத் தாண்டினால், வருமானம் எவ்வளவாயினும் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

உத்தேச முறையில் கணக்கேடுகள் வேண்டா என்பதையும் அளவாகவே கொள்ளல் வேண்டும். விற்றுமுதல் எவ்வளவு என்பதற்கேனும் சான்று வேண்டுமன்றோ? கடையின் முகப்பில் ஒட்டியுள்ள கியூஆர் குறியீடு பெரும்பாலும் உரிமையாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்குடன் இணைந்திருக்கும். மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றும், சீட்டு எடுத்த பணமும், மாடி வாடகையும், அரிசி விற்ற தொகையும் அதே கணக்கில் வந்து சேரும். ஈராண்டுக்குப்பின் விளக்கம் கோரி அறிவிப்பு வந்தால், எது விற்பனை, எது கைமாற்று எனப் பிரித்துக் காட்ட உரிமையாளராலேயே இயலாது. கடைக்கெனத் தனி வங்கிக்கணக்கு ஒன்று இருப்பின் இத்தொல்லையில் பெரும்பகுதி எழாது. கைமாற்று 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ஆயின், அதை ரொக்கமாகப் பெறுவதையே சட்டம் தடுக்கிறது என்பதும் கருதத்தக்கது.

உண்மையான ஆதாயம் 6 விழுக்காட்டுக்கும் குறைவு என்போர் முழுக் கணக்கேடுகளைப் பேணி, வருமானம் வரிவிலக்கு வரம்பைக் கடந்திருந்தால் தணிக்கையும் செய்விக்க வேண்டும். உத்தேச முறையில் சேர்ந்தபின், ஐந்தாண்டுகளுக்குள் அதைக் கைவிட்டவர் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அதற்குத் திரும்ப முடியாது. வணிக வருமானம் உடையோர் பழைய வரிமுறைக்கும் புதிய வரிமுறைக்கும் இடையே ஆண்டுதோறும் மாறிக்கொள்ளவும் இயலாது. இவ்வாய்ப்பு மாத ஊதியம் பெறுவோர் முதலிய, வணிக வருமானம் இல்லாதோர்க்கே உண்டு.

வரியே செலுத்த வேண்டாதவர் தாக்கல் செய்த படிவத்தின் பயன் பின்னரே தெரிய வரும். கடையை விரிவாக்கக் கடன் கேட்டால், வங்கி முந்தைய ஆண்டுகளின் படிவங்களைக் கேட்கும். உரிமையாளர் சாலை விபத்தில் இறக்க நேர்ந்தால், இழப்பீட்டைக் கணக்கிடும் தீர்ப்பாயம் அவருடைய வருமானத்துக்குச் சான்று கேட்கும். வருமானவரிப் படிவங்களை நீதிமன்றங்கள் நம்பத்தக்க சான்றாக ஏற்கின்றன. சான்று இல்லாதபோது, குறைந்தபட்சக் கூலியை ஒட்டி ஒரு தொகையை வருமானமாக ஊகித்து இழப்பீடு வழங்கப்படுவதுண்டு. மாதம் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஈட்டிய கடைக்காரரின் குடும்பம், அன்று ஒரு நாட்கூலியாளரின் குடும்பத்துக்குரிய தொகையையே பெற்றுச் செல்லும்.